டர்பன் சாரிட்டி கடைகளில் பழைய செவ்விசைத் தட்டுகள்: எதை எடுக்கலாம், நம்ம சங்கீதம் எங்கே போச்சு?

திருச்சி_தம்பி (ஓவர்போர்ட், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன் நான். பழைய டர்ன்டேபிள் ஒன்று கைக்கு வந்ததிலிருந்து என் சனிக்கிழமைகள் வெஸ்ட்வில், பைன்டவுன், க்ளூஃப் பக்கத்து ஹாஸ்பிஸ் (கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கடைகளிலும் எஸ்.பி.சி.ஏ. (விலங்கு நலச் சங்கம்) கடைகளிலும்தான் கழிகின்றன. தட்டுப் பெட்டி எப்போதும் துணி ஸ்டாண்டுக்கு அடியில்தான் இருக்கும், தரையில் உட்கார்ந்து புரட்ட வேண்டும். மேலே ஜிம் ரீவ்ஸ், மன்டோவானி, ஜேம்ஸ் லாஸ்ட், பிகினிப் பெண் படம் போட்ட ஸ்பிரிங்பாக் ஹிட்ஸ். அதையெல்லாம் தள்ளினால் அடியில் ஆஸ்திரிய இசைக்குழு நடத்துநர் காராயன் நடத்திய பீத்தோவன், அதற்கும் அடியில் இன்னொரு காராயன்.

பத்து, இருபது ராண்டுக்கு ஒரு எல்.பி. (நீள நேரம் ஓடும் வினைல் தட்டு) என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது வீட்டில் இடமில்லை. எதைப் பார்த்து எடுப்பது, எதை விடுவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். 1860லிருந்து தமிழர் வாழும் ஊர் இது. ஒரு எம்.எஸ். தட்டு, ஒரு அரியக்குடி கூடவா கண்ணில் படாது?


பழைய_ஊசி (பைன்டவுன்)

தம்பி, அந்தப் பெட்டிக்குள் இருப்பது யாரோ ஒருவர் வீட்டு அலமாரி. வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று யோசித்தாலே உள்ளே என்ன இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் பகுதிகள் எல்லாம், ஊரை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டப்படி வெள்ளையருக்கு ஒதுக்கியவை. இந்த நாட்டில் டி.வி. வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவரை சாயங்காலம் என்றால் ரேடியோகிராம், ரேடியோவும் தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி. சம்பளம் கொஞ்சம் தாராளமாக வந்த வீட்டில் மாதம் ஒரு எல்.பி. சேரும். அப்படிச் சேர்த்தவர்கள் இப்போது முதியோர் குடியிருப்புக்குப் போகிறார்கள், இல்லை பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போகிறார்கள். தட்டு கனமோ கனம், கூடப் போகாது. ஹாஸ்பிஸ் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பெட்டிக்குள் சில நேரம் சிட்டி ஹால் கச்சேரி நிகழ்ச்சி நிரல்கூட மடித்துக் கிடக்கும்.

காராயன் ஏன் எங்கும் கிடக்கிறார் என்றால், பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு அவர் 1961, 62இல் பதிவு செய்த ஒன்பது பீத்தோவன் சிம்பொனிகளையும் ஜெர்மன் கம்பெனி டாய்ச்ச கிராமோபோன் 1963இல் எட்டுத் தட்டுப் பெட்டியாகவே வெளியிட்டது. பிறகு தனித்தனியாகவும் விற்றது. அந்த அளவுக்கு விற்றதால் இந்த அளவுக்குத் திரும்பி வருகிறது. மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் லேபிளின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் டுலிப் பூ வரிசை இருந்தால் சுமார் 1970க்கு முந்தைய அச்சு. நல்ல நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு செட் போதும்.

இங்கிலாந்தின் டெக்கா கம்பெனி என்றால் எஸ்.எக்ஸ்.எல். என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். 1958இலிருந்து வந்த ஸ்டீரியோ வரிசை அது. லேபிளின் குறுக்கே போகும் வெள்ளிப் பட்டை அகலமாக இருந்தால் பழைய அச்சு. சோல்டியும் வியன்னா பில்ஹார்மோனிக்கும் 1958 முதல் 1965 வரை பதிவு செய்த வாக்னரின் ‘ரிங்’ ஒபேரா வரிசை முழுசாக மாட்டினால் காசு பார்க்காமல் தூக்குங்கள். தூக்குவதற்குத் தோளில் வலு வேண்டும். அதே டெக்கா ‘எக்லிப்ஸ்’ என்ற மலிவு வரிசையில் பழைய மோனோ பதிவுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி விற்றது. உறையில் அப்படிக் குறிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும்.

இன்னொன்று சொல்கிறேன், இதை எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டி. தங்க எழுத்து, ரோஜாப்பூ படம் எல்லாம் போட்டு, பார்த்தாலே கை பின்வாங்கும். டெக்காவின் பெரிய ஒலிப்பதிவாளர் கென்னத் வில்கின்சன் பதிவு செய்தவை அந்தப் பெட்டிகளில் பல இருக்கின்றன. ரெனே லீபோவிட்ஸ் ராயல் பில்ஹார்மோனிக்கை வைத்து 1961இல் பதிவு செய்த பீத்தோவன் ஒன்பதும் ரீடர்ஸ் டைஜஸ்டுக்காகச் செய்ததுதான். பீத்தோவன் எழுதிவைத்த வேகக் குறியீட்டை மதித்து வாசித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல். காராயனைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் காலப்பிரமாணம் என்ன செய்யும் என்பது தெரியும். எர்ல் வைல்ட் பியானோவில் ரக்மானினோவ் கான்செர்ட்டோக்கள், யாஷா ஹோரன்ஸ்டைன் நடத்தி, 1965. அதுவும் முதலில் இதே ரோஜாப்பூ கம்பெனிக்குத்தான்.


லெனேசியா_அக்கா (ஜோகன்னஸ்பர்க்)

ரோஜாப்பூ பெட்டி விஷயம் நூற்றுக்கு நூறு. நான் ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன், இப்போதுதான் எடுத்து வைத்திருக்கிறேன்!

எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆஃப்ரிகான்ஸ் பாட்டுக்கு நடுவே மிமி கோர்ட்ஸே நிறைய வருவார். டர்பனில் 1932இல் பிறந்தவர், உங்கள் ஊர்ப் பெண். 1956இலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் வியன்னா ஸ்டேட் ஒபேராவில் பாடினார். இங்கே பெட்டியில் அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுத்தான் அதிகம் கிடைக்கும். ஒபேராப் பாட்டு வந்தால் விடாதீர்கள், தொண்டை அப்படி.

கேப் டவுனின் ஜோசப் காப்ரியேல்ஸ் 1971இல் நியூயார்க் மெட்ரோபொலிடன் ஒபேராவில் பாடினார். கலர்டு (கலப்பின) சமூகத்தின் இயோன் கலைக் குழுவில் வளர்ந்தவர். அவர் தட்டு ஒன்றைக்கூட எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. யார் பாட்டு யார் வீட்டு அலமாரிக்குப் போனது என்று பழைய ஊசி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


சாட்ஸ்வொர்த்_கூழ் (சாட்ஸ்வொர்த், யூனிட் 3)

தம்பி இரண்டாவதாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். என் தமிழ் பாடசாலைத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை 1946இல் நிறுத்தியது. உலகத்திலேயே முதலில் நிறுத்திய நாடு. திரும்பத் திறந்தது 1993இல். நடுவில் உள்ள காலத்தைப் பாருங்கள். எல்.பி. வந்தது, ஸ்டீரியோ வந்தது, கேசட் வந்தது, சி.டி. வந்தது. எம்.எஸ். அம்மா 1966இல் ஐ.நா. சபையில் பாடினார். கர்நாடக சங்கீதத்தின் எல்.பி. காலம் முழுசும் அந்தத் தடைக்குள்ளேயே போய்விட்டது. நீங்கள் வெஸ்ட்வில் பெட்டியில் தேடுவது அங்கே வந்து சேர வழியே இல்லாத சரக்கு.

எதுவுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கரஞ்சா, கம்பாலா என்று பம்பாய்க்கும் டர்பனுக்கும் நடுவே ஓடின கப்பல்கள் இருந்தன. ஊருக்குப் போய் வந்தவர்கள் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு நடுவே இரண்டு பிளேட் வைத்து எடுத்து வருவார்கள். எங்கள் தாத்தாவிடம் இருந்ததெல்லாம் அப்படி வந்ததும், 1946க்கு முன்னாலேயே கிரே தெருவில் வாங்கியதும். எல்லாம் 78 (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு), நாய் மார்க் எச்.எம்.வி., லேபிளில் தமிழ் எழுத்து. 

அவை எங்கே போயின என்று கேட்டால், லாரியில் போயின. மேகஸின் பேரக்ஸில் இருந்தவர்கள், கேட்டோ மேனரில் இருந்தவர்கள் எல்லோரையும் 1960களில் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றினார்கள். 78 என்பது அரக்குத் தட்டு, ஒரு குலுக்கலில் பிளந்துவிடும். எங்கள் ஆயா சொல்வது: பாத்திரம் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தது, பிளேட்டுப் பெட்டியைத் திறந்தால் முழுசாக இருந்தது கொஞ்சம்தான்.

மிஞ்சியதும் சாரிட்டி கடைக்கு வருவதில்லை. நம் வீடுகளில் ஒன்றைக் கொடுப்பதென்றால் சித்தப்பா மகனுக்குக் கொடுப்போம், கோயிலுக்குக் கொடுப்போம். யாருக்கும் வேண்டாம் என்றால் பழைய இரும்பு வாங்குபவன். ஹாஸ்பிஸ் கடைக்கு வண்டி கூப்பிட்டுக் கொடுக்கிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, லேபிளைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, குப்பைப் பையில் போட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டன்மார் எல்லோரும் தோடியும் பைரவியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது தெருக்கூத்து, பஜனை, மாரியம்மன் தாலாட்டு. தட்டில் வாங்கியது கே.பி. சுந்தராம்பாள், கிட்டப்பா, பிறகு சினிமாப் பாட்டு. முழு ஆலாபனை கேட்ட வீடு ஊருக்கு ஒன்று இரண்டு இருந்திருக்கும்.


திருச்சி_தம்பி

அண்ணே, உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. நான் கேட்டது சின்னக் கேள்வி, நீங்கள் கொடுத்தது பெரிய பதில். சாட்ஸ்வொர்த் பக்கம் தேட வேண்டும் என்றால் எங்கே போவது?


சாட்ஸ்வொர்த்_கூழ்

கடை கிடையாது. கோயில் கமிட்டிகள் வைக்கும் பழம்பொருள் விற்பனை, கராஜ் விற்பனை. அதைவிட, பெரியவர் இறந்த வீட்டில் கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து மெதுவாகக் கேட்பது. முன்பின் தெரியாதவனாகப் போய் நிற்காதீர்கள், தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள்.


ஸ்கேன்_பண்ணு (உம்லாங்கா)

சென்டிமென்ட் எல்லாம் சரி, நானும் ஒரு டிப்ஸ் தர்றேன். போனில் டிஸ்காக்ஸ் ஆப் வச்சுக்கோங்க, தட்டு விவரமும் விலையும் அதில் இருக்கும். லேபிளைச் சுற்றி உள்ள வெற்று இடத்தில் கீறி எழுதியிருக்கும் எண்ணை அடிச்சா எந்த அச்சு, எவ்வளவுக்குப் போகுதுன்னு உடனே வந்துடும். 20 ராண்டுக்கு எடுத்து 600க்கு வித்திருக்கேன். தென்னாப்பிரிக்காவில் அச்சானதுன்னு இருந்தா விடுங்க, வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். இங்கிலாந்து, ஜெர்மனி அச்சுக்குத்தான் காசு.


பழைய_ஊசி

கேட்பதற்கு வாங்குகிறவனுக்கு உள்ளூர் அச்சும் போதும். பல உள்ளூர் அச்சுகள் என்னிடம் நாற்பது வருஷமாக நன்றாகப் பாடுகின்றன. புற்றுநோயாளிகளுக்காக நடத்தும் கடையில் 20க்கு எடுத்து 600க்கு விற்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?


ஸ்கேன்_பண்ணு

அண்ணே, கடை போட்ட விலை 20. நான் திருடலை. நான் எடுக்கலைன்னா அது அந்தப் பெட்டியிலேயே பூசணம் பிடிச்சு, ஆறு மாசத்தில் குப்பைக்குப் போகும். நான் எடுத்ததால் ஜப்பானில் ஒருத்தர் கேக்கறார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? உங்க ரிங் பெட்டியைக் காசு பார்க்காம தூக்குங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அதன் உண்மை விலையைக் கவுன்டரில் சொல்லிட்டா தூக்கினீங்க?


கவுன்டர்_பாட்டி (பெரியா, டர்பன்)

சண்டை வேண்டாம் பிள்ளைகளா. நான் பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு காலை ஒரு சாரிட்டி கடையில் நிற்கிறேன். கடைப் பெயர் வேண்டாம். உள்ளேயிருந்து பார்க்கிறவள் சொல்வதையும் கேளுங்கள்.

எங்களுக்கு விவரம் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு வருவது துணி மூட்டை, பாத்திரம், கட்டில், புத்தகம். தட்டு ஒவ்வொன்றையும் எடுத்து விலை பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே விலை. வேகமாகப் போனால் போதும், அடுத்த மூட்டைக்கு இடம் வேண்டும். ஸ்கேன் பண்ணுகிற பையன்கள் வந்தால் எனக்கு வருத்தம் இல்லை, காசு கொடுத்துத்தானே எடுக்கிறார்கள். விலை தெரிந்த ஒருவர் எங்களுக்கு வாய்த்த மாதங்களில் நல்லதைத் தனியாக எடுத்து ஆன்லைனில் போட்டோம். அவர் மகளோடு போய்விட்டார், அது நின்றுவிட்டது. அவ்வளவு திறமை இருக்கிறவர்கள் மாதம் ஒரு காலை எங்களுக்காக உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கலாமே? இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் கேட்கிறேன்.

எனக்கு எரிச்சல் தருகிறவர்கள் வேறு. நல்ல தட்டை மட்டமான உறைக்குள் மாற்றி வைத்து அடுத்த வாரம் வந்து எடுக்கிறவர்கள். விலைச் சீட்டைக் கிழிக்கிறவர்கள். காலை கதவு திறக்கும் முன்பே கொடையாளர் காரிலிருந்து நேராகப் பேரம் பேசுகிறவர்கள். இதெல்லாம் நடக்கிறது.

தமிழ்த் தட்டு பற்றி: எப்போதாவது வரும். எங்கள் கடையில் மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியாது, ‘இதர’ என்று எழுதிய பெட்டியில் ஜெர்மன் பாட்டோடும் பைபிள் கதையோடும் போட்டுவிடுவார்கள். நீங்கள் செவ்விசை வரிசையில் மட்டும் தேடினால் கிடைக்காது.


திருச்சி_தம்பி

பாட்டிம்மா, அந்த ‘இதர’ பெட்டி என் கண்ணில் பட்டிருக்கிறது, தொட்டதே இல்லை. அடுத்த வாரமே பார்க்கிறேன். பிரித்துக் கொடுக்க ஒரு காலை நானும் வருகிறேன், தனிச்செய்தியில் எழுதுகிறேன்.


ஈரம்_எதிரி (அமான்சிம்டோட்டி)

யாரும் நிலையைப் பற்றிப் பேசவில்லை என்பதால் நான் வருகிறேன். கடலோரக் காற்றில் தட்டுக்கு முதல் எதிரி கீறல் இல்லை, பூசணம். உறையை மூக்குக்கு அருகில் கொண்டுபோங்கள். வாடை அடித்தால் தட்டை வெளியே எடுத்து சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் புள்ளிப் புள்ளியாக இருந்தால் பூசணம். வினைல் தட்டாக இருந்தால் கழுவினால் போகும். காய்ச்சி வடித்த தண்ணீர், துளி பாத்திர சோப்பு, தேவையென்றால் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். லேபிளில் படாமல் வரியோடு வட்டமாகத் துடைக்க வேண்டும். பழைய உறைத்தாளைத் தூக்கி எறியுங்கள். கழுவிய தட்டைப் பூசணத் தாளுக்குள் திரும்ப வைத்தால் கழுவியதற்கே அர்த்தம் இல்லை.

78க்கு இதைச் செய்யவே கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். தண்ணீர், சோப்பு, மெல்லிய துணி, உடனே உலர்த்தல், அவ்வளவுதான். ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 78இன் வரி அகலமானது, அதற்கு ஆயிரத்தில் மூன்று பங்கு ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் அது வரியின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் பொறுக்கும். டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி செட் வாங்கும்போது கவுன்டருக்குப் போகும் முன் எண்ணுங்கள். எத்தனை தட்டு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். ஒபேரா என்றால் பாட்டுப் புத்தகமும் உள்ளே இருக்க வேண்டும். வளைந்த தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தெரியும். லேசான வளைவு பரவாயில்லை, ஓரத்தில் கூர்மையாக மடங்கியிருந்தால் ஊசி குதிக்கும். இந்த வெயிலில் கார் பின்சீட்டில் தட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

சி.டி. வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது கடைகளில் மிக மலிவாகக் கிடக்கும் நல்ல சரக்கு சி.டி.தான், எல்லோரும் போனில் கேட்கப் போய்விட்டார்கள். ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் பி.டி.ஓ. ஆலையில் சுமார் 1988 முதல் 1993 வரை அச்சான சில சி.டி.க்களில் வெள்ளிப் பூச்சு கெட்டுப் போகும். ஓரத்திலிருந்து உள்ளே வெண்கல நிறம் ஏறும். உறைத்தாளில் இருந்த கந்தகம் பூச்சோடு வினை புரிந்ததால் வந்தது. ஹைபீரியன், பேர்ல், ஏ.எஸ்.வி. போன்ற நல்ல செவ்விசைக் கம்பெனிகளின் தட்டுகள்தான் அதில் மாட்டின. கடையிலேயே திறந்து திருப்பிப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் எடுங்கள், பழுப்பாக இருந்தால் வைத்துவிடுங்கள்.


மாரிட்ஸ்பர்க்_மிருதங்கம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

78 பற்றிப் பேச்சு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சாவி கொடுக்கிற எச்.எம்.வி. பெட்டி இன்னும் ஓடுகிறது. லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்த காலத்தில் தெருவிலேயே பாட்டுக் கேட்டது எங்கள் வீட்டில் மட்டும்தான். பக்கத்து வீட்டு மாமி டார்ச்சோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டியில் போடுவது எஃகு ஊசி. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, மாற்றாமல் போட்டால் தட்டைத் தின்றுவிடும். எல்.பி.யை அதில் வைத்தால் அன்றோடு அது முடிந்தது. ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அதில் போடுவதே இல்லை, மின்சாரம் வந்த பிறகு சரியான ஊசியில் ஒரு தடவை ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்த மனிதரை அந்த அளவுக்குள் அடக்கியிருக்கிறார்கள். முதல் பிடியிலேயே ராகத்தின் முகம் வந்துவிடுகிறது. நீளமாக வாசிப்பது பெரிய வித்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அந்தத் தட்டுதான் கலைத்தது.

தட்டு வைத்திருந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் குப்பையில் போடும் முன் டர்பன் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தைக் கேட்டுப் பாருங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இந்நாட்டு இந்தியர் வரலாற்றுக்கென்றே உள்ள இடம் அது.


போர்ட்_லூயி_வயலின் (மொரிஷியஸ்)

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு குரல். மேற்கத்தியப் பெட்டியில் நம்ம சங்கீதம் இல்லை என்று யார் சொன்னது? பிரிட்டிஷ் ராணுவ பேண்டு வாத்தியத் தட்டுகளை எல்லோரும் ஒதுக்குகிறீர்கள். நான் தேடித் தேடி வாங்குகிறேன். முத்துசுவாமி தீட்சிதர் நொட்டுஸ்வர சாகித்யங்கள் எழுதியது அந்த மாதிரி பேண்டு மெட்டுகளைக் கேட்டுத்தான். ‘சந்ததம் பாஹிமாம்’ எந்த மெட்டு? பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் பாட்டு மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். மதுரை மணி ஐயர் இங்கிலீஷ் நோட்டு பாடினால் சபையே நிமிர்ந்து உட்காரும். அந்தப் பேண்டுத் தட்டு ஐந்து ராண்டுக்குக் கூடப் போகாது, அதனால் போட்டியும் இல்லை.

யெஹூதி மெனுஹினும் ரவிசங்கரும் சேர்ந்து வாசித்த 1967 எச்.எம்.வி. எல்.பி.யையும் தேடுங்கள். இங்கிலாந்தில் வெளியானது, இந்தியத் தடை அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. வெள்ளைக்கார வீட்டு அலமாரியில் இந்திய இசை இருந்தால் அது பெரும்பாலும் இதுதான். கர்நாடகம் என்றால் அமெரிக்க நான்சச் கம்பெனி 1960களின் கடைசியில் வெளியிட்ட ராம்நாட் கிருஷ்ணன் தட்டுகள் இருக்கின்றன. என் நண்பருக்கு ஒன்று கேப் டவுனில் கிடைத்தது, உலக நாட்டுப்புற இசை என்ற பெட்டியில், பல்கேரியப் பாட்டுக்கு அடுத்தபடியாக.


சாட்ஸ்வொர்த்_கூழ்

எனக்கு ஒரு சந்தேகம், யாரும் கோபிக்க வேண்டாம். இத்தனை பீத்தோவன் வாங்கி என்ன செய்கிறீர்கள்? நான் ஒரு சிம்பொனி முழுசாகக் கேட்க முயன்றேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பேச்சுப் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த சிட்டி ஹாலில் எங்கள் அப்பா காலத்தில் நம்மை மற்றவர்களோடு சமமாக உட்கார விட்டதில்லை, 1960களில் கலந்து உட்காருவதற்கே தடை வந்தது. அந்தச் சங்கீதத்தை இப்போது பத்து ராண்டுக்கு வாங்கி நான் ஏன் ரசிக்க வேண்டும்?


பழைய_ஊசி

ரசிக்கத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. எங்கள் அண்ணனும் நானும் அந்த ஹாலுக்கு வெளியே படியில் நின்று கேட்டிருக்கிறோம். எனக்கு அந்த இசை வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. உள்ளே விடாதவனுக்கு அது சொந்தம் என்று நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? இப்போது அவன் வீட்டுத் தட்டு என் வீட்டில் இருக்கிறது, பத்து ராண்டுக்கு.

சிம்பொனியில் தொடங்கியதுதான் சிக்கல். தனி வயலினில் தொடங்குங்கள். பாக் எழுதிய தனி வயலின் சொனாட்டாக்கள், பார்டிட்டாக்கள். ஆர்த்தூர் க்ரூமியோ 1960, 61இல் பிலிப்ஸுக்காக வாசித்தது கடைகளில் வரும். ஒரே ஆள், ஒரே வாத்தியம், பக்கவாத்தியம் கிடையாது. ஒரே வில்லில் இரண்டு மூன்று குரல் வருகிறது, அது எப்படி என்று காது தானாகத் தேடும். அது பிடித்தால் நாலு பேர் வாசிக்கும் குவார்ட்டெட். சிம்பொனி கடைசியில். தம்புரா இல்லையே என்று முதலில் குறையாக இருக்கும், எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.


சாட்ஸ்வொர்த்_கூழ்

படியில் நின்ற கதை தெரியாமல் பேசிவிட்டேன் அண்ணே. க்ரூமியோ கேட்டுப் பார்க்கிறேன். பிடிக்கும் என்று வாக்குத் தர மாட்டேன்.


லெனேசியா_அக்கா

யூடியூபில் கேட்காதீர்கள், தட்டிலேயே கேளுங்கள். நடுவில் நிறுத்தி வேறு பாட்டுக்குத் தாவ முடியாது, அதுதான் பாதி மருந்து.


ஸ்கேன்_பண்ணு

க்ரூமியோ முதல் அச்சு என்ன விலைக்குப் போகுதுன்னு சொல்லட்டுமா? வேண்டாம், சொன்னா அடுத்த வாரம் எல்லாரும் எனக்கு முன்னாடி போய் நிப்பீங்க.

பாட்டிம்மா, நீங்க சொன்னதை யோசிச்சேன். மாசத்தில் முதல் செவ்வாய் காலை நான் ஃப்ரீ. பிரிச்சு விலை போட்டுத் தர்றேன். ஆனா நான் போட்ட விலைக்கு நானே வாங்கலாமா?


கவுன்டர்_பாட்டி

வாங்கலாம் ராசா, வரிசையில் நின்று. நீ விலை போட்டதை முதல் ஒரு வாரம் மற்றவர்கள் பார்க்கட்டும், மிச்சம் உனக்கு. செவ்வாய் எட்டரைக்கு வா, பின்கதவு.


திருச்சி_தம்பி

ஒரு அவசர விஷயம். ஈரம்_எதிரி அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என் காராயன் பெட்டியை எண்ணினேன். ஏழுதான் இருக்கிறது. ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதி உள்ள தட்டைக் காணவில்லை. கோரஸ் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது! யாரிடமாவது தனியாக அந்த ஒரு தட்டு அனாதையாகக் கிடக்கிறதா? டுலிப் லேபிள்.


மாரிட்ஸ்பர்க்_மிருதங்கம்

பெட்டி இல்லாமல் தட்டு மட்டும் ஒன்று என்னிடம் இருக்கிறது, இங்கே ஒரு கடையில் ஏதோ டிக்ஸிலேண்ட் ஜாஸ் உறைக்குள் கிடந்தது. டுலிப்தான். உங்களுடையது ஸ்டீரியோவா மோனோவா?


திருச்சி_தம்பி

ஸ்டீரியோ.


மாரிட்ஸ்பர்க்_மிருதங்கம்

இது மோனோ. முதல் மூன்று பகுதி விரிந்து கேட்கும், கோரஸ் நடுவில் ஒரே இடத்தில் நின்று பாடும். பரவாயில்லையென்றால் ஞாயிறு நான் டர்பன் வருகிறேன், எடுத்துவருகிறேன். பதிலுக்குக் காசு வேண்டாம், அந்த ‘இதர’ பெட்டியில் நாய் மார்க் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கு எடுத்து வையுங்கள். பிளந்திருந்தாலும் சரி.